மரத்தடிக்குக் கட்டம் இல்லாத படிவம்

1. பச்சைப் பென்சில், சிவப்புப் பென்சில்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தப்பாக எழுதினேன்.

வெம்பக்கோட்டை பக்கத்தில் ஒரு கண்மாய். என் கையில் செயற்கைக்கோள் படத்தின் பிரிண்ட் இருந்தது. படத்தில் கண்மாய் முழுக்க அடர்ந்த பச்சை. நேரில் போய்ப் பார்த்தாலும் பச்சைதான். படிவத்தில் ‘இயற்கைத் தாவரம்: மிக நன்று’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னம்மா எழுதுறீக?”

“இங்க இருக்குற மரத்தப் பத்திங்க.”

“இதப் பத்தி எழுத ஆபீசுலேருந்து ஜீப்பு போட்டு வந்திருக்கீகளா? எல்லாம் சீமைக்கருவேலம்மா. கரி மூட்டம் போடத்தான் ஆகும். எங்கய்யா காலத்துல இது ஒரு செடிகூட இங்கன கெடையாது.”

தாவரவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் நான். சீமைக்கருவேலம் வெளியிலிருந்து வந்து பரவியது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனாலும் படம் பச்சை என்று சொன்னதும் கண்ணும் அதையே நம்பிவிட்டது. ரப்பர் எடுத்து அழித்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. விருதுநகரில் எங்கள் குடும்பத்துக்குப் பருப்பு மண்டி, ‘பாய் மண்டி’ என்றால் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். மண்டிக்காரர் வீட்டு மருமகள் தொப்பியும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவது எங்கள் தெருவுக்குப் புதிது. என் கணவர் மட்டும், “அஞ்சு மணிக்குள்ள வந்துரு. பாப்பா தேடும்” என்பார். மகளுக்கு அப்போது ஆறு வயது.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சில வருடத்துக்கான தாவரக் கணக்கெடுப்புத் திட்டம் அது. மாவட்டத்தை நிலச்சூழல் வாரியாகப் பிரித்திருந்தோம்: மேற்கே மலைக்காடு, நடுவில் கரடு, செம்மண் செவல், கரிசல், ஆற்றங்கரை, கண்மாய். ஒவ்வொன்றிலும் அந்த மண்ணுக்கே உரிய பழைய தாவரம் எங்கே மிஞ்சியிருக்கிறது, மிஞ்சியதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். அடுத்த வருடமும் அதே இடத்துக்குப் போய், இருக்கிறதா போய்விட்டதா என்று எழுத வேண்டும்.

ஆபீசில் ஒரு கண்ணாடி மேஜை இருந்தது. அடியில் ட்யூப்லைட். அதன் மேல் சர்வே நம்பர் போட்ட புலப்படத்தை விரித்து, டிரேசிங் பேப்பரைப் போட்டு, தாவரம் உள்ள இடத்தைப் பச்சைப் பென்சிலால் தீட்டுவோம். சட்டப் பாதுகாப்பு உள்ள சர்வே நம்பரைச் சிவப்புப் பென்சிலால் தீட்டுவோம். மலைக்காட்டில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. அது காப்புக்காடு. கண்மாய்களில் சிவப்பு இருந்தது, பச்சை இல்லை. இருந்த பச்சையும் சீமைக்கருவேலம். கரிசலில் அங்கங்கே விரல்நகம் அளவுக்குப் பச்சை. சிவப்பு அறவே இல்லை.

அந்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் குனிந்து குனிந்து கழுத்து வலிக்கும். பொட்டுக்கடலையும் வெல்லமும் நடுவில் ஒரு தட்டில் இருக்கும். ஜிபிஎஸ் கருவியை மொட்டைமாடியில் வைத்துவிட்டு, சிக்னல் பிடிக்கும் வரை ஊர்க்கதை பேசுவோம். இப்போது நினைத்தால் அந்த மேஜைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. கரிசலுக்கான தாளில் சிவப்புக் கட்டம் காலியாகக் கிடந்தது எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கேயாவது ஒரே ஓர் இடத்திலாவது அதை நிரப்பிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் செய்த தப்பு அந்த ஆசையில் தொடங்கியது.

2. பட்டாசு ஆலையின் பின்பக்கம்

அந்த ஓர் இடம் கிடைத்தது ஒரு பட்டாசு ஆலைக்குப் பின்னால். பெயர் வேண்டாம். ஆலையின் பின்வேலிக்கு வெளியே அரசுத் தரிசு. வேலிக்கு உள்ளே, கடைசி வரிசை ரூம்களுக்கும் வேலிக்கும் நடுவில், காலியாக விட்ட ஒரு பட்டை நிலம். இரண்டிலும் சேர்த்து உடைமரங்கள் நின்றன. குடைவேல் என்று புத்தகத்தில் இருக்கும். விரித்த குடையை அப்படியே நட்டுவைத்த மாதிரி, தலை தட்டையாக இருக்கும். அடியில் சங்கஞ்செடியும் விடத்தலையும் முள்ளோடு முள்ளாகப் பின்னிக் கிடந்தன. கீரிப்பிள்ளை நுழையலாம், மனிதர் நுழைய முடியாது. கரிசலில் உழவு தொடாத துண்டு நிலம் கிடைப்பதே அபூர்வம். பட்டாசு ஆலை என்பதால் யாரும் உள்ளே வரவில்லை, ஆடும் வரவில்லை. அதனால்தான் அது தப்பித்திருந்தது.

நான் போன அன்று வேலிக்கு உள்ளே இருந்த ஐந்து மரங்களின் அடிமரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். வெட்டுவதற்கான அடையாளம். போர்மேன் ராஜமணி, ஐம்பது வயதுக்காரர், இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்தார்.

“எதுக்கு அண்ணாச்சி வெட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“வெட்டாம? கீழ பூரா காஞ்ச புல்லு. ஒரு பொறி விழுந்தா ரூம்பு வரைக்கும் ஓடியாந்துரும். அது ஒண்ணு. இன்னொண்ணு, மரம் இருந்தா நெழலு. நெழலு இருந்தா ஆளுக ரூம்புக்குள்ள இருக்க மாட்டாக. சரத்தத் தூக்கிக்கிட்டு மரத்தடிக்கு வந்திருவாக. இன்ஸ்பெக்சன்ல பாத்தா என் சீட்டு கிழிஞ்சிரும்.”

ஒரு ரூமுக்கு நான்கு பேர்தான், ரூமுக்கு வெளியே வெடிமருந்துச் சரக்கு வரக்கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. எனக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன இரண்டாவது காரணத்தைச் சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். மரத்தை வெட்டிவிட்டு அங்கே இன்னும் நாலு ரூம் கட்டப்போகிறார்கள் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

“புல்லுதான பிரச்சினை? கீழ உள்ள புதரச் சுத்தமா எடுத்திருங்க. மரத்த மட்டும் விட்டிருங்க” என்றேன்.

“பாய் வீட்டம்மா பருப்பு யாவாரம் மாதிரி பேரம் பேசுறீகளே” என்றார் அவர். பக்கத்து ரூம் வாசலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அவர்களில் ஒருத்திதான் பேச்சியம்மாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மரத்தின் சுற்றளவை எடுக்க டேப்பின் இன்னொரு முனையைப் பிடிக்க எனக்கு ஆள் தேவைப்பட்டது. கேட்காமலே வந்தார்.

“டீச்சரம்மா, இதுக்குச் சட்டை தைக்கப் போறீகளா?”

“நான் டீச்சர் இல்லக்கா.”

“நோட்டும் கையுமா வந்தா டீச்சர்தான். எம்புட்டு வந்துச்சு இடுப்பு? என்னைவிடக் கம்மியாத்தான் இருக்கும்.”

அவருக்கும் ஒரு மகள், என் மகளுடைய வயதுதான். டேப்பைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். மகளை இந்த வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

3. நிரம்பிய கட்டம்

போர்மேன் ஒத்துக்கொள்ளாததால் சிவகாசியில் முதலாளியின் ஆபீசுக்கே போனேன். டைரி, காலண்டர், சாமி படம், குளிர்ந்த அறை. பெரிய மனிதர், பொறுமையாகக் கேட்டார். எங்கள் மேஜையில் போட்ட படத்தை விரித்துக் காட்டினேன். கரிசல் முழுக்க வெறுமை, ஒரே ஒரு பச்சைப் புள்ளி, அது உங்கள் வேலியோரம், வெட்ட மாட்டோம் என்று ஒரு லெட்டர் வேண்டும் என்றேன்.

“நம்ம எடத்துல இப்பிடி ஒண்ணு இருக்கா? சந்தோசம்மா. லெட்டர்தான வேணும்? டைப் அடிச்சுத் தரச் சொல்றேன்.”

வளாகத்தின் பின்புறமுள்ள மரங்களை வெட்ட மாட்டோம் என்று லெட்டர்ஹெட்டில் மூன்று வரி. எங்கள் படிவத்தில் ‘உரிமையாளர் தாமே ஒப்புக்கொண்ட பாதுகாப்பு’ என்று ஒரு வகை உண்டு. அன்று சாயங்காலம் கண்ணாடி மேஜையில் ட்யூப்லைட்டைப் போட்டு, கரிசல் தாளில் முதல் சிவப்பைத் தீட்டினேன். சகாக்கள் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அரைக்கிலோ காராச்சேவு வாங்கிப் போனேன்.

நான் போர்மேனோடு பேசிய பேரத்தை முதலாளி அப்படியே உத்தரவாக்கிவிட்டார். மரம் நிற்கும், புதர் போகும். சங்கஞ்செடி, விடத்தலை எல்லாவற்றையும் வேரோடு பறித்தார்கள். மரத்துக்குத்தான் படிவத்தில் கட்டம், புதருக்கு இல்லை. எனக்கு அது நஷ்டமாகவே படவில்லை.

அடுத்த வருடக் கண்காணிப்புக்குப் போனேன். சீசன் நேரம், தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. மரங்கள் ஐந்தும் நின்றன. அடியில் துடைப்பம் போட்டுப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, முற்றம் மாதிரி வைத்திருந்தார்கள். பேச்சியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் சாக்கை விரித்து உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். தாளில் சுற்றிய சின்னச் சின்ன வெடிகளைத் திரியோடு சேர்த்து ஜடை மாதிரி பின்னும் வேலை. விரல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது.

“வாங்க டீச்சரம்மா, சாப்பிட்டீகளா? உங்க புண்ணியத்துல நெழலு கெடச்சிருக்கு. இங்கன உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவர்கள் தூக்குவாளியைத் திறந்தார்கள். கம்மஞ்சோறும் மோர்மிளகாயும். நான் கொண்டுபோன இடியாப்பத்தைப் பகிர்ந்துகொண்டோம். பேச்சியம்மாள் ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார், கையில் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுங்கியது. உடைமரத்து நிழல் கெட்டியாக இருக்காது, பொடிப்பொடியாக விழும். அந்தப் பொடி வெளிச்சத்தில் நான்கு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்துகொண்டு பின்னினார்கள். என் வேலை வாழ்க்கையில் அத்தனை நிம்மதியாகச் சாப்பிட்ட மத்தியானம் வேறு இல்லை. இதையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும்.

தூரத்திலிருந்து ராஜமணி பார்த்தார். என்னைப் பார்த்துக் கையை விரித்தார், ‘சொன்னேனே’ என்கிற மாதிரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். படிவத்தில் ‘மரங்கள் ஐந்து. நல்ல நிலை. பாதுகாப்பு தொடர்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மரத்தடியில் வெடிச்சரம் இருந்ததை எழுத அதில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை நான் எழுதவில்லை.

4. தையல் கடையில்

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. மகளுக்கு யூனிபார்ம் தைக்க அளவு கொடுக்கப் போயிருந்தோம். தையல்காரர் டேப்பை அவள் தோளில் வைத்தார். கூச்சத்தில் அவள் நெளிந்து சிரித்தாள். என் கைப்பையில் செல்போன் அடித்தது. ராஜமணி.

“அம்மா, மரத்தடியில பத்திக்கிருச்சு.”

எதுவும் புரியாதவள் போல, “எந்த மரத்தடி?” என்று கேட்டேன்.

“எந்த மரத்தடின்னு கேக்கீகளே. நாலு பேரு இருந்தாக. மூணு பேரு எந்திரிச்சு ஓடிட்டாக. பேச்சிக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சும்மா. உசுரு இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு.”

எப்படிப் பற்றியது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. உரசலாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம். தையல்காரர், “அடுத்து கை நீளம்” என்றார். மகள் இரண்டு கையையும் நீட்டினாள். டேப்பு அவள் மணிக்கட்டு வரை போனது.

அந்த மகள் இப்போது வளர்ந்து, வேறொரு மாவட்டத்தில் இதே மாதிரி தாவரக் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்திருக்கிறாள். கையில் டேப்லெட், தலைக்கு மேல் டிரோன். மத்தியானம் போன் அடித்து எடுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. “சிக்னல் இல்லம்மா, எதுக்கு இப்படிப் பதறுறீங்க?” என்று கோபப்படுகிறாள். அவளுக்கும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

5. வேலியை உள்ளே இழுத்தது

ஆலையைச் சில மாதம் மூடி வைத்தார்கள். விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மரத்தடி வேலைக்கும் தாவரக் கணக்கெடுப்பு அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்?

பேச்சியம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. மகள் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தட்டோடு உள்ளே போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

“அக்கா, போர்மேன் அந்த மரத்த வெட்டணும்னுதான் சொன்னாரு. நான்தான் முதலாளிகிட்டப் போயி நிறுத்தினேன். கீழ இருந்த முள்ள எடுக்கச் சொன்னதும் நான்தான்.”

அவர் கட்டுப் போட்ட கைகளை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு நீங்களும்தான எங்ககூட உக்காந்து சாப்பிட்டீக? அன்னைக்கே பத்தியிருந்தா உங்க மகளுக்கு யாரு?”

அவர் மகள் தட்டோடு போன பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“இப்ப வெட்டச் சொல்லிறட்டுமா?” என்றேன்.

“வெட்டி? ரூம்பு மேல தகரம். உச்சிக்கு உள்ள இருந்து பாருங்க, மருந்து தன்னால பத்திக்கிரும் போல இருக்கும். இந்த மரத்த வெட்டுனா வேற மரத்தடிக்குப் போவோம். மரம் என்ன செஞ்சுச்சு? முள்ளு இருந்த வரைக்கும் ஒருத்தரும் அங்கிட்டுப் போகலயே.”

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கடைசி வாக்கியம்தான் மனதில் ஓடியது. அந்த முள்புதர், மரத்துக்கும் மனிதருக்கும் சேர்த்து அந்த நிலம் தானே போட்டுவைத்திருந்த வேலி. புத்தகத்தில் அதை ‘கீழடுக்கு’ என்று படித்திருக்கிறேன். அதைப் பேரத்தில் விட்டுக்கொடுத்தது நான்.

ஆபீசில் என் பழைய படிவத்தை எடுத்தேன். ‘நல்ல நிலை’ என்பதை ஒரே கோடாக அடித்தேன், எழுத்து தெரியும்படி. பக்கத்தில், ‘கீழடுக்கு முழுவதும் அகற்றப்பட்டது. அகற்றச் சொன்னவர் கணக்கெடுப்பாளர். மரத்தடியில் வெடிச்சரம் பின்னும் வேலை நடந்ததைக் கணக்கெடுப்பாளர் நேரில் கண்டார்’ என்று எழுதித் தேதி போட்டேன். எங்கள் திட்டத்தின் டைரக்டர் சார் படித்துவிட்டு, “இது ரெக்கார்டும்மா. நாளைக்கு உனக்கே வில்லங்கமாகும்” என்றார். அப்படியே இருக்கட்டும் சார் என்றேன்.

பிறகு ராஜமணியிடம் போனேன். வேலியை மரங்களுக்கு இந்தப் பக்கமாக உள்ளே இழுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

“அம்மா, போன தடவ உங்க பேச்சக் கேட்டதுக்கே நான் தெனம் தூங்கல.”

“நானும் தூங்கல அண்ணாச்சி. மரத்த வெட்டுனா நெழலு போகும். வேலிய இழுத்தா மரத்துக்குப் போற வழியே போயிரும். முள்ளு தானா வந்திரும். மறுபடி யாரும் அங்க உக்கார முடியாது.”

இடுப்புச் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டே மரங்களைப் பார்த்தார். “ரூம்பு மேலயும் ஏதாவது செய்யணும்” என்றார் கடைசியில், எனக்குச் சொல்வது போலவும் தனக்கே சொல்வது போலவும்.

முதலாளியிடம் இந்த முறை இருவரும் சேர்ந்து போனோம். விசாரணையில் அவரும் கலங்கியிருந்தார். வேலி உள்ளே வந்தது, மரங்கள் வேலிக்கு வெளியே போயின. தகரக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். போதாதுதான், ஆனால் சூடு கொஞ்சம் குறைந்தது. பழைய வேலிக்கு வெளியே இருந்த அரசுத் தரிசை, யாருக்கும் பட்டா கொடுக்கக் கூடாது என்று குறிக்கும் தடைப் பதிவேட்டில் ஏற்ற நான் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. ஏறியது. கரிசல் தாளில் இன்னொரு சிவப்பு விழுந்தது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை, நானும் காராச்சேவு வாங்கவில்லை.

திட்டம் முடிகிற வருடம் கடைசிக் கண்காணிப்புக்குப் போனேன். பேச்சியம்மாள் ஆலை வாசலுக்கு எதிரே சின்னதாகக் கடை வைத்திருந்தார். தீப்பெட்டி மட்டும் விற்பதில்லை என்று முதல் நாளே போர்டு எழுதி மாட்டிவிட்டாராம்.

“டேப்பு பிடிக்க வரட்டுமா டீச்சரம்மா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடையை மகள் பொறுப்பில் விட்டுவிட்டு இறங்கி வந்தார். சங்கஞ்செடி இடுப்பளவு ஏறியிருந்தது. ஒருக்களித்து, முள்ளை விலக்கி விலக்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அவருடைய விரல்கள் மடங்கவில்லை. டேப்பின் நுனியை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, மரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

“மரம் பெருத்திருக்கா?”

“ரெண்டு விரக்கடை கூடியிருக்கு.”

எழுதினேன். படிவத்தின் ஓரத்தில் அப்போதெல்லாம் ஸ்கேல் வைத்து நானே ஒரு கட்டம் போட்டுக்கொள்வது வழக்கமாகியிருந்தது. தலைப்பு ‘மரத்தடி’. மகளின் டேப்லெட்டில் அந்தக் கட்டம் இல்லை. ஆனால் ‘குறிப்பு’ என்று ஒரு காலி இடம் இருக்கிறதாம். அது போதும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பேச்சியம்மாள் மணிக்கட்டிலிருந்து டேப்பை அவிழ்த்தார். சேலையில் குத்திய முள்ளைப் பல்லால் கடித்து எடுத்துத் துப்பிவிட்டு, என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

“மரத்த எழுதிட்டீக. அடியில முள்ளு இருக்குன்னு எழுதுனீகளா?”

“எழுதிட்டேன்க்கா.”

“வாசிங்க.”

வாசித்துக் காட்டினேன்.